நேவா கரையில் – 11: பூனை முதலில், சாமான் பிறகு

புது வீட்டுக்குக் குடிபோகும்போது நம் ஊரில் பசுவையும் கன்றையும் முதலில் உள்ளே அழைத்துப் போவார்கள். ரஷ்யாவில் அந்த மரியாதை பூனைக்கு. கதவைத் திறந்துவிட்டுக் குடும்பமே மாடிப்படியில் நின்றுகொள்ளும். பூனை மட்டும் வாசற்படியைத் தாண்டி உள்ளே போகும், மோந்து பார்க்கும், மூலைக்கு மூலை நடக்கும். அது எங்கே போய்ப் படுக்கிறதோ அங்கே கட்டிலைப் போட்டால் நல்லது என்பது நம்பிக்கை. சொந்தப் பூனை இல்லாதவர்கள் அக்கம்பக்கத்தில் இரவல் வாங்குவார்கள். 2014-ல் அந்நாட்டின் மிகப் பெரிய வங்கியான ஸ்பேர்பேங்க், வீட்டுக் கடன் வாங்கியவர்களின் கிரகப்பிரவேசத்துக்குப் பூனையை இரவலாக அனுப்பி வைக்கும் விளம்பரம் ஒன்றை நடத்தியது. பூனை இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடும். தவணைதான் வருஷக்கணக்கில் கூடவே இருக்கும்.

போன வாரம் சமையலறைகளைப் பற்றி எழுதியபோது, போகிற போக்கில் என் வீட்டுக்காரப் பாட்டியின் பூனையைக் குறிப்பிட்டிருந்தேன். பாட்டியை விட்டுவிட்டு எல்லாரும் பூனையை விசாரித்திருக்கிறீர்கள். சரி, இந்த வாரம் அதற்கே.

அதன் பெயர் பார்சிக். ரஷ்யாவில் இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பூனை திரும்பிப் பார்க்கும். பீட்டர்ஸ்பர்க்கின் தெற்கே, மெட்ரோவின் இரண்டாம் பாதை முடிகிற கூப்ச்சினோ வட்டாரத்தில் பாட்டியின் வீடு. குருஷ்சேவ் காலத்து ஐந்தடுக்குக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. அதில் ஓர் அறையை எனக்கு வாடகைக்குக் கொடுத்தார். பூகோள ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அறை பார்க்கப் போன அன்று, "வாடகையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அவன் உங்களைப் பார்க்கட்டும்" என்றார். பார்சிக் வந்து என் பனிக்காலணியை மோந்து பார்த்தான், கொட்டாவி விட்டான், போய்விட்டான். பாட்டி சாவியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அந்த வீட்டில் இருந்த காலம் முழுவதும் பாட்டி என்னை 'நீங்கள்' என்றுதான் சொன்னார். நானும் அவரை அங்குள்ள வழக்கப்படி அவர் பெயரோடு அவருடைய அப்பா பெயரையும் சேர்த்தே கூப்பிட்டேன். 'நீ' என்ற உரிமை பார்சிக்குக்கு மட்டும். கோபம் வந்தால் அவனையும் 'நீங்கள்' என்பார். "மேசைமேல் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், ஐயா?" என்று அவர் கேட்டால், பூனை எதையோ தட்டிவிட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ரஷ்ய நகரத்து வீட்டுப் பூனையின் வாழ்க்கை ரேடியேட்டரைச் சுற்றி நடக்கிறது. அங்கே வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டிக் குளிர் காய்வதில்லை. நகரத்துக்கே பொதுவான வெப்ப நிலையங்களிலிருந்து கொதிநீர் குழாய் வழியாக ஒவ்வொரு கட்டடத்துக்கும் வருகிறது. எப்போது வரும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. நாளின் சராசரி வெப்பம் தொடர்ந்து ஐந்து நாட்களுக்கு 8 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் திறந்துவிடுவார்கள். அதனால் செப்டம்பர் கடைசியில் ஒரு வேதனையான காலம் உண்டு. வெளியே மழை, உள்ளே ஈரக் குளிர், ரேடியேட்டர் கல்லாகக் கிடக்கும். அந்த நாட்களில் பார்சிக்குக்கு என்மேல் திடீரென்று பாசம் பொங்கும். இரவில் கம்பளிக்குள் நுழைந்து முழங்கால் மடிப்பில் சுருண்டுவிடுவான்.

பிறகு ஒரு நாள் குழாய்க்குள் களகளவென்று சத்தம் கேட்கும். தண்ணீர் ஏறுகிறது. எனக்குக் கேட்பதற்கு முன்பே அவனுக்குக் கேட்டுவிடும். காதை முன்னால் விறைத்துக்கொண்டு ஜன்னலடிக்குப் போய் உட்கார்ந்து, இரும்பில் சூடு ஏறும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பான். அன்றோடு எங்கள் உறவு முடிந்தது. ரேடியேட்டரில் மாட்டித் தொங்கவிடும் துணித் தொட்டில்களைப் பிராணிக் கடைகளில் விற்கிறார்கள். பார்சிக்குக்குப் பாட்டி பழைய கோட்டை வெட்டித் தானே தைத்துக் கொடுத்திருந்தார். பழைய கட்டடங்களில் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் திருகு இருக்காது. ஜனவரியில் வெளியே மைனஸ் இருபது, உள்ளே வியர்க்கும். ஜன்னலின் மேல்மூலையில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து வைத்தால்தான் மூச்சு விட முடியும். அந்தக் காற்றும் இந்தச் சூடும் சந்திக்கிற ஜன்னல் திட்டுதான் வீட்டிலேயே உயர்ந்த இடம். அது பூனையின் சொத்து. அங்கே நான் ஒருநாளும் ஒரு டம்ளர்கூட வைத்ததில்லை.

மே மாதத்தில் ஜன்னல்கள் முழுதாகத் திறக்கும். அப்போது ஆபத்தும் வருகிறது. எட்டு மாதம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து புறாவைப் பார்த்துப் பல்லை நறநறத்துக்கொண்டிருந்த பூனைக்கு முதல்முறையாக நடுவில் கண்ணாடி இல்லை. கொசுவலைதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டால் வலையோடு சேர்ந்து கீழே விழும். இதற்கென்றே பூனை கிழிக்க முடியாத கெட்டி வலை விற்கிறார்கள். வாடகை வீடு தேடுகிறவர்கள் ஜன்னலில் அந்த வலை இருக்கிறதா என்று கேட்டு விசாரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதே மே மாதம் கோர்யூஷ்கா மீனின் காலமும்கூட. லடோகா ஏரியின் பனி உடைந்து நேவா ஆற்றில் மிதந்து வரும் நாட்களில் பிடிபடும் சின்ன வெள்ளி மீன். புதிதாக இருந்தால் அறுத்த வெள்ளரிக்காய் வாசனை அடிக்கும். மெட்ரோ வாசலில் பெட்டியில் குவித்து விற்பார்கள். பாட்டி அரை கிலோ வாங்கி வந்து, மாவில் புரட்டி, எண்ணெயில் பொரிப்பார். தலைகள் பார்சிக்குக்கு. அவருடைய ஓய்வூதியத்தில் டின் உணவெல்லாம் கட்டாது. மற்ற மாதங்களில் விலை மலிந்த உறைமீன்தான். சோவியத் காலத்துப் பூனைகள் எல்லாம் அதைத் தின்றே வளர்ந்தன என்பார். அவர் பேரன் வந்தால் பூனைக்கு எது சத்து, எது சத்தில்லை என்று ஒரு பாடம் எடுப்பான். பாட்டி கேட்டுக்கொண்டே அடுத்த தலையைப் போடுவார்.

நாய் வளர்ப்பது இதைவிடக் கடினம். நாயைக் குளிர்காலத்திலும் வெளியே கொண்டுபோயாக வேண்டும். டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க்கில் சூரியன் காலை பத்து மணிக்கு உதித்து, மாலை நாலு மணிக்குள் மறைந்துவிடும். ஆகவே வேலைக்குப் போகிறவர்கள் காலையும் இருட்டில், மாலையும் இருட்டில்தான் நடக்க வேண்டும். கட்டடங்களுக்கு நடுவே உள்ள முற்றத்தில் பச்சை, சிவப்பு விளக்கு எரியும் கழுத்துப்பட்டைகள் தரையோடு தரையாக நகர்ந்துகொண்டிருக்கும். நடைபாதைப் பனியைக் கரைக்கக் கொட்டும் உப்பு பாதத்தை வெடிக்கவைக்கிறது என்று நாலு காலுக்கும் காலணி, உடம்புக்கு முழு அங்கி. திரும்பி வந்ததும் குளியல் தொட்டியில் பாதம் கழுவும் படலம். லிஃப்டில் பத்து வருஷம் சேர்ந்து ஏறியிறங்கினாலும் முகம் பார்த்துச் சிரிக்காத ஊர் அது. ஆனால் கையில் ஒரு நாயின் வார் இருந்துவிட்டால் பேச்சு கிளம்பிவிடும். வயது, உடம்புக்கு என்ன, எந்த டாக்டர், எல்லாம் நாயைப் பற்றித்தான். மனிதரின் பெயரைக் கேட்க மாட்டார்கள். "ரெக்ஸின் அம்மாவுக்குக் காய்ச்சலாம்" என்று பாட்டி ஒருநாள் சொன்னபோது, அது எதிர்க்கட்டடத்துப் பல் டாக்டர் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

செகாவின் 'நாய்க்காரச் சீமாட்டி'யை மாஸ்கோ பதிப்பகங்களின் புண்ணியத்தில் தமிழில் படித்தவர்கள் நம்மிடையே ஏராளம். அந்தக் கதையிலும் அறிமுகம் ஒரு பொமரேனியன் நாய் வழியாகத்தான் நடக்கிறது. ஒரு நூற்றாண்டு கடந்தும் அந்த வழி அடைபடவில்லை.

மாஸ்கோவில் நாய்களின் கதை வேறு. அங்கே தெருநாய்கள் மெட்ரோ ரயிலில் ஏறி, இருக்கையில் படுத்துத் தூங்கி, வேண்டிய நிலையத்தில் இறங்கிப் போவதைப் பலரும் படம் பிடித்திருக்கிறார்கள். ஆந்த்ரேய் பொயார்கோவ் என்ற உயிரியலாளர் பல பத்தாண்டுகள் மாஸ்கோ தெருநாய்களையே ஆராய்ந்தவர். மெந்தெலேயெவ்ஸ்கயா நிலையத்தில் குடியிருந்த மால்ச்சிக் என்ற கறுப்பு நாயை 2001-ல் ஒரு பெண் கத்தியால் குத்திக் கொன்றாள். ஊர் கொதித்துப் போய்ப் பணம் திரட்டியது. 2007-ல் அதே நிலையத்தில் அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். இன்னொரு நிலையமான புரட்சிச் சதுக்கத்தில், 1938-ல் வைத்த எல்லைக்காவல் வீரன் சிலைக்குப் பக்கத்தில் ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறது. பரீட்சைக்குப் போகும் மாணவர்கள் தடவித் தடவி அதன் மூக்கு மட்டும் தங்கமாக மின்னுகிறது. 1957-ல் ஸ்புட்னிக்-2-ல் ஏற்றி அனுப்பிய லைக்காவும் மாஸ்கோவின் தெருநாய்தான். வெப்பம் தாங்காமல் சில மணி நேரத்திலேயே அது செத்துப்போன விவரம் 2002-ல்தான் வெளியே வந்தது. அதற்கும் 2008-ல் சிலை வைத்தார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு வாய் சோறு போட்டிருந்தாலும் போதும் என்று தோன்றத்தான் செய்கிறது.

பீட்டர்ஸ்பர்க் பூனைகளின் ஊர். 1745-ல் பேரரசி எலிசபெத் அரண்மனையில் எலித்தொல்லை தாங்காமல், கஸான் நகரத்திலிருந்து எலி பிடிப்பதில் கெட்டிக்காரப் பூனைகளை அனுப்பி வைக்கும்படி ஆணை பிறப்பித்தார். பின்னால் அதே இடத்தில் புதிதாக எழுந்த குளிர்கால அரண்மனைதான் இன்றைய ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம். இப்போதும் அதன் நிலவறையில் ஏறத்தாழ ஐம்பது பூனைகள் இருக்கின்றன. ஓவியக் கூடங்களுக்குள் அவற்றுக்கு அனுமதி கிடையாது. வெதுவெதுப்பான குழாய்கள்மேல் படுத்துக்கொண்டு, தலைக்கொரு தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அவற்றுக்கென்று இருக்கும் ஊழியர்களின் பராமரிப்பில் வாழ்கின்றன. 2020-ல் ஒரு பிரெஞ்சுக்காரர் தன் உயிலில் இந்தப் பூனைகளுக்கு 3,000 யூரோ எழுதி வைத்தார்.

பாட்டிக்கு ஹெர்மிடாஜ் பூனைகள்மேல் பெரிய மதிப்பில்லை. "அரண்மனை உத்தியோகம்" என்பார். அவருக்கு முக்கியம் வேறு பூனைகள்.

1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை, 872 நாட்கள், ஜெர்மன் படை, அன்று லெனின்கிராட் என்று பெயர் கொண்டிருந்த பீட்டர்ஸ்பர்க்கை முற்றுகையிட்டு நின்றது. முதல் குளிர்காலத்தில் ரொட்டிப் பங்கீடு ஆளுக்கு நாளொன்றுக்கு 125 கிராமாக இறங்கியது. தொழிலாளிக்கு இதில் இரட்டிப்பு. அந்த ரொட்டியிலும் மாவு பாதிதான், மீதி மரக்கூழும் உமியும். பட்டினியில் லட்சக்கணக்கானோர் செத்த அந்தக் குளிர்காலத்தில் நகரத்துப் பூனைகளும் நாய்களும் மறைந்தன. எப்படி மறைந்தன என்று யாரும் விளக்கிச் சொல்வதில்லை. பாட்டியின் அம்மா முற்றுகையில் பிழைத்தவர். "எங்கள் பூனை பிப்ரவரிவரை இருந்தது" என்று மட்டும் அவர் சொல்லியிருக்கிறாராம். அதற்குமேல் மகள் கேட்கவில்லை. அந்த வாக்கியத்தை என்னிடம் சொன்ன அன்று பாட்டி எழுந்து போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கிவிட்டார்.

பூனைகள் போனபின் எலிகள் பெருகின. இருந்த கொஞ்சத் தானியத்தையும் தின்றன, நோயைப் பரப்பும் என்ற பயம் வேறு. 1943 ஜனவரியில் முற்றுகை ஓர் இடத்தில் உடைந்து ரயில் பாதை திறந்த பிறகு, யரஸ்லாவ்லிலிருந்து நான்கு ரயில் பெட்டி நிறைய சாம்பல் நிறப் பூனைகள் வந்து இறங்கின என்பது நகரம் முழுவதும் சொல்லும் வரலாறு. பின்னால் சைபீரியாவிலிருந்தும் வந்தன. தங்கள் பூனைகள் போய் லெனின்கிராடைக் காத்த பெருமைக்காகச் சைபீரியாவின் தியூமென் நகரம் 2008-ல் ஒரு பூனைச் சதுக்கமே அமைத்தது. பீட்டர்ஸ்பர்க்கில் நெவ்ஸ்கி சாலையை ஒட்டிய மாலயா சதோவயா தெருவில் நிமிர்ந்து பார்த்தால், எதிரெதிர்க் கட்டடங்களின் சுவர் விளிம்பில் இரண்டு வெண்கலப் பூனைகள் தெரியும். ஆண் எலிஸேய், பெண் வசிலீஸா. 2000-ல் வைத்தவை. எலிஸேய் இருக்கும் விளிம்பில் விழும்படி காசு எறிந்தால் நினைத்தது நடக்குமாம். சுற்றுலாப் பயணிகள் எறிந்து எறிந்து சிரிக்கிறார்கள். கூப்ச்சினோ கிழவிகள் அதன் கீழே நின்று சிரித்து நான் பார்த்ததில்லை.

இத்தனை சிலை வைத்த நாட்டில் தெருப் பிராணிகள் சுகமாக இருக்கின்றனவா என்றால், இல்லை. 2018 டிசம்பரில் பிராணிகளைப் பொறுப்போடு நடத்த வேண்டும் என்று ஒரு மத்தியச் சட்டம் வந்தது. வளர்த்த பிராணியைக் கைவிடுவது குற்றம். தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, காதில் பிளாஸ்டிக் வில்லை மாட்டி, சாதுவாக இருந்தால் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். நம் ஊர் ஏற்பாடு போலத்தான், நம் ஊர்ச் சண்டைகளும் அப்படியே அங்கே உண்டு. கடிபட்டவர்கள் ஒரு பக்கம், சோறு போடுகிறவர்கள் மறுபக்கம். 2023-ல் சட்டத்தைத் திருத்தி, என்ன செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கே கொடுத்தார்கள். புரியாத்தியா போன்ற இடங்களில் கொல்லவும் அனுமதி வந்துவிட்டது.

எங்கள் கட்டடத்திலேயே ஒரு போர் நடந்தது. தரைமட்டத்தில், நிலவறைக்குக் காற்றுப் போக ஒரு சாண் அளவு ஓட்டைகள் இருக்கும். வெந்நீர்க் குழாய் ஓடும் அந்த நிலவறைதான் தெருப்பூனைகளுக்குக் குளிர்காலப் புகலிடம். தெள்ளுப்பூச்சி வருகிறது, நாற்றம் அடிக்கிறது என்று முதல் மாடிக்காரர்கள் தகரம் வைத்து அடைப்பார்கள். விடிவதற்குள் யாரோ அதைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவரையொருவர் பாசிஸ்ட் என்று திட்டிக்கொள்வார்கள். பாட்டியின் வீட்டில் பழைய மீன்பெட்டி ஒன்றும் ஆணி பிடுங்கும் கொறடும் ஒரே அலமாரியில் இருந்தன என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அந்த நிலவறைப் பூனைகளில் சில, ஒரு காலத்தில் யாரோ வீட்டுச் செல்லங்கள். ஏப்ரல் கடைசியில் புறநகர் ரயிலில் ஏறினால், கிழவர்களும் கிழவிகளும் பால் டப்பாவில் தக்காளி நாற்றும், கூடையில் பூனையுமாகத் தோட்ட வீட்டுக்குப் போவதைப் பார்க்கலாம். இவர்கள் இலையுதிர்காலத்தில் பூனையோடுதான் திரும்புவார்கள். வேறு சிலர் பிள்ளைகள் விளையாட ஜூனில் ஒரு குட்டி வாங்கி, ஆகஸ்ட் கடைசியில் அதை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். பனி விழுந்த பிறகு அந்தக் கிராமங்களில் பூட்டிய வாசல்களில் உட்கார்ந்திருக்கும் பூனைகளைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் பேசுகிறார்கள், ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. சட்டத்தில் குற்றம்தான். யார் விட்டார்கள் என்று எந்தப் போலீஸ் தேடும்?

ஆனால் நாடே சேர்ந்து ஒரு பூனையைத் தேடியதும் உண்டு. 2024 ஜனவரியில் யெகாதெரின்பர்க்கிலிருந்து பீட்டர்ஸ்பர்க் வந்த ரயிலில், டுவிக்ஸ் என்ற பூனை கூடையிலிருந்து வெளியே வந்துவிட்டது. யாருமில்லாத பூனை என்று நினைத்த பெட்டி ஊழியர் கீரவ் நிலையத்தில் அதை இறக்கிவிட்டார். கடும் உறைபனி. நூற்றுக்கணக்கானோர் தண்டவாளம் ஓரமாகத் தேடினார்கள். சில நாட்கள் கழித்து உடல்தான் கிடைத்தது. அந்த ஊழியரை வேலையிலிருந்து நீக்கக் கோரி 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ரயில்வே மன்னிப்புக் கேட்டு, பிராணிகளை ஊழியர்கள் இப்படி இறக்கிவிடக் கூடாது என்று விதியை மாற்றியது. பாட்டி இந்தச் செய்தி பார்த்த வாரம் தொலைக்காட்சியை அணைக்கவே இல்லை. எனக்கு அந்த ஊழியரின்மேலும் பரிதாபமாகத்தான் இருந்தது. அதை அந்த வீட்டில் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

கடைசியாக, தமிழ்நாட்டிலிருந்து ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. முதல் குளிர்காலத்தில் தனிமை தாங்காமல் பூனைக்குட்டி எடுத்து வளர்க்கிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். விடுதிகள் பெரும்பாலும் அனுமதிக்காது, வெளியே அறை எடுத்தவர்கள் வளர்க்கிறீர்கள். படிப்பு ஆறு வருஷம், பூனையின் ஆயுள் பதினைந்து. ஊருக்குக் கொண்டுவர வழி இருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு முப்பது நாட்களாவது ஆகியிருக்க வேண்டும். அந்த ஊசியை அங்கே அரசுக் கால்நடை நிலையங்களில் இலவசமாகவே போடுகிறார்கள். அரசுக் கால்நடை மருத்துவரின் சான்றிதழும், சென்னையிலுள்ள மத்திய அரசின் பிராணித் தனிமைப்படுத்தல் அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும் விமானம் ஏறுவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். இதையெல்லாம் கடைசிப் பரீட்சை முடிந்த வாரத்தில் தொடங்கினால் நடக்காது, சில மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள். இவ்வளவும் முடியாது என்று தோன்றினால், முதல் வருஷத்திலேயே அந்தக் குட்டியைத் தூக்காதீர்கள்.

(தொடரும்)